தம்பியின் உதவித்தொகை நின்றுவிட்டது

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் தம்பிக்கு வந்துகொண்டிருந்த மாற்றுத்திறனாளி உதவித்தொகை திடீரென நின்றுவிட்டது, இதுவரை பெற்றதையும் திருப்பிக் கேட்பார்களோ என்று அம்மா கலங்குகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: சகோதரி, முதலில் அது தற்காலிக உதவித்தொகையா என்று பாருங்கள், 6 முதல் 12 மாதங்கள் வரை வழங்கப்படும் அத்தொகை காலம் முடிந்ததும் நின்றுவிடும் என்பதால், புதிய மருத்துவப் பரிசோதனையுடன் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இடையிலேயே நிறுத்தியிருந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முடிவை அறிந்த 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அம்மாவின் கலக்கத்துக்கு 2004ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டத்திலேயே ஆறுதல் இருக்கிறது: தகுதியின்றிப் பெற்ற தொகை கடனாகும் என்றாலும், தகுதியில்லை என்பதை அறியாமலே பெற்றதாக நிரூபிப்பவருக்கு அக்கடன் பொருந்தாது. கடனை ஒப்புக்கொள்ளும் எந்தத் தாளிலும் தம்பி அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்; முன்னதாக அதை இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் காட்டுங்கள்.