இரண்டு பதிப்புகளையும் வாங்க வேண்டுமா?

கேள்வி: தொடக்கநிலை 4-இல் படிக்கும் என் மகனுக்குப் போக்கிமான் ஸ்கார்லெட் என்ற வீடியோ விளையாட்டை வாங்கிக் கொடுத்தோம். அதில் இல்லாத உயிரினங்கள் அதன் இணைப் பதிப்பான வயலெட்டில் இருக்கின்றன என்று சொல்லி இப்போது அதையும் கேட்கிறான். வாங்கலாமா? – ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம். பக்கத்து புளோக்கிலோ வகுப்பிலோ வயலெட் வைத்திருக்கும் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் இந்த விளையாட்டு, பிள்ளைகள் அவற்றைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்காகவே இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் பித்தாயிருந்த, போக்கிமானை உருவாக்கிய சத்தோஷி தாஜிரி, கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை இணைக்கும் கேபிள் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து செல்வதைக் கற்பனை செய்ததிலிருந்துதான் இந்த விளையாட்டுக்கான எண்ணம் உருவானது. 1996 பிப்ரவரி 27-ஆம் தேதி ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரு பதிப்புகள் வந்தபோது, ஒன்றில் பிடிக்க முடிந்த சில உயிரினங்கள் மற்றதில் வேண்டுமென்றே விடப்பட்டிருந்தன. ஸ்கார்லெட்டில் லார்விட்டார் என்ற உயிரினம் உண்டு, பேகன் என்ற உயிரினம் இல்லை; வயலெட்டில் அது தலைகீழ். எவ்வளவு திறமையாக ஆடினாலும், தனியொருவரால் தொகுப்பை முழுமையாக்க இயலாது. இரண்டு பதிப்பு விற்கும் வணிகக் கணக்கு இதில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அது மட்டுமே காரணமன்று.

ஹான்டர் என்ற பேயுருவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை போரில் வென்றாலும் அது அடுத்த வடிவமான கெங்காராக மாறுவதில்லை. இன்னொருவர் கைக்குப் போனால்தான் மாறும். ஆகவே பிள்ளைகள் இருவர் தத்தம் ஹான்டரை மாற்றிக்கொண்டு, அது உருமாறியதும் திருப்பித் தந்துவிடுவார்கள். வாங்கியவர் தராமல் போகவும் கூடும் என்பதால், அந்த நம்பிக்கையும் விளையாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மாற்றி வாங்கிய உயிரினம் சொந்தமாகப் பிடித்ததைவிட விரைவாக வளர்வதும் பரிமாற்றத்துக்குத் தரப்படும் ஊக்கமே. நம் தலைமுறை பள்ளிப் புத்தகக் கடையில் நாடுகளின் கொடி அச்சிட்ட அழிரப்பர் வாங்கி, இரண்டாக இருந்த நாட்டைக் கொடுத்து இல்லாத நாட்டை வாங்கியதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

நீங்கள் வயலெட்டையும் வாங்கினாலும், நேரடிப் பரிமாற்றத்துக்கு இந்த விளையாட்டை ஆடும் நிண்டெண்டோ சுவிட்ச் கருவி இன்னொன்றும் தேவைப்படும். மாறாக, நண்பர்கள் இருவர் கீழ்த்தளத்தில் அருகருகே அமர்ந்து, விளையாட்டின் பரிமாற்றப் பகுதியில் ஒரே எட்டு இலக்க எண்ணை இட்டால் போதும்; இணையச் சந்தாவும் தேவையில்லை. அறிமுகமில்லாதவருடன் இணையத்தில் மாற்றிக்கொள்வதை இந்த வயதில் தவிர்ப்பது நல்லது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதை இருவரும் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, திரையில் வரும் உயிரினத்தைச் சரிபார்த்த பிறகே உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள், ஏனெனில் பரிமாற்றம் முடிந்துவிட்டால் அதை ரத்துசெய்ய வழியில்லை.