வள்ளம் தாங்குகிற பாரம்

களியக்காவிளையிலிருந்து பூவார் வரைக்கும் படகின் பின்பலகையில் தொங்குகிற அவுட்போர்டு மோட்டார் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. முன்பெல்லாம் மீன்பிடிக்கிறவர்கள் மட்டும் வருவார்கள். பிளக், கார்புரேட்டர் என்று பேச்சு முடிந்துவிடும். இப்போது சில வருடங்களாக இன்னொரு கூட்டமும் வருகிறது. சின்ன பைபர் போட் வாங்கி, வேக்போர்டு பலகையில் காலை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக் காயலில் பாய்கிற இளவட்டங்கள். எல்லாருக்கும் ஒரே குறை: போட்டுக்குப் பின்னால் விசிறிபோல் விரிகிற அலை சின்னதாக இருக்கிறது, ஏறிக் குதிக்க மேடு இல்லை. பாரம் ஏற்றினால் பின்னால் எழும் அலை பெரிதாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்களுடையது 16 அடி நீளம், 6 அடி அகலம். 40 குதிரைசக்தி மோட்டார். எத்தனை கிலோ ஏற்றினால் நல்ல அலை வரும் அண்ணா? — பாறசாலை

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள் தம்பி. போட் எத்தனை கிலோ தாங்கும்? அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கம்பெனி போட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று தகடு அடித்திருப்பார்கள். நம்ம ஊரில் அச்சில் வார்த்த போட்டில் பெரும்பாலும் அது இருக்காது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை சின்ன போட்டுகளுக்கு ஒரு கைக்கணக்கு சொல்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுக்க வேண்டும். 16 பெருக்கல் 6, 96. பதினைந்தால் வகுத்தால் ஆறு பேர். இது அமைதியான தண்ணீருக்கான கணக்கு. உங்கள் சர்வே சான்றிதழில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் உங்கள் எண்.

இனி கழியுங்கள். ஓட்டுபவர் ஒருவர், பின்னால் திரும்பி உட்கார்ந்து கயிற்றைக் கவனிப்பவர் ஒருவர். பலகையில் போகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தண்ணீரில்தானே இருக்கிறார் என்று விட்டுவிடக் கூடாது, கை ஓய்ந்ததும் போட்டுக்குள்தான் ஏறுவார். மீதி மூன்று பேருக்கு இடம், ஆளுக்கு 70 கிலோ வைத்தால் 210. அதில் பெட்ரோல் கேன், நங்கூரம், மதிய சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் போக, நான் 150 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன்.

அந்த 150 கிலோவையும் ஏற்றுவதற்கு முன்னால் காசு செலவில்லாத இரண்டு காரியம் இருக்கிறது. முதலாவது வேகம். 40 குதிரைசக்தி கையில் இருக்கிறதே என்று முறுக்கிவிடுகிறீர்கள். வேகம் கூடக்கூட போட் தண்ணீர்மேல் எழும்பி வழுக்குகிறது, அலை தட்டையாகிறது. வேக்போர்டுக்கு மணிக்கு 30 முதல் 37 கிலோமீட்டர் போதும். பழகுகிறவர்களுக்கு 30-க்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது கயிறு. 23 மீட்டர் கயிற்றின் முனையில் அலை அகன்று சோர்ந்துபோகும். 18 மீட்டருக்குச் சுருக்குங்கள், அதே அலை செங்குத்தாக நிற்கும். மேட்டின் உச்சி வெள்ளையாக நுரைத்து உடைந்தால் வேகம் போதவில்லை என்று அர்த்தம், கொஞ்சம் கூட்டுங்கள்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 50 கிலோவில் ஆரம்பியுங்கள். ஒரேயடியாக 150 வேண்டாம்.

மணல் மூட்டை போட்டால் என்ன? ஊரில் மணல் மூட்டைக்குப் பஞ்சமில்லை. — தேங்காய்ப்பட்டணம்

வேண்டாம். ஜிம்மில் கிடக்கிற இரும்புத் தட்டும் வேண்டாம்.

தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. போட்டில் தண்ணீர் ஏறி நிறைந்துவிட்டால், தண்ணீர்ப் பையில் இருக்கிற 100 கிலோ போட்டைக் கீழே இழுக்காது. 100 கிலோ மணல் அப்படியில்லை. முங்கின பிறகும் 60 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்பு என்றால் 87 கிலோ. உங்கள் போட்டின் இருக்கைக்கு அடியில் இருக்கிற நுரைப்பஞ்சு ஆட்களையும் மோட்டாரையும் மிதக்க வைக்கத்தான் போட்டது. மணலையும் சேர்த்துத் தூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூட்டை பிரிந்தால் மணல் போட்டின் அடிக்குழியான பில்ஜுக்குள் போய் பம்பை அடைக்கும் என்பது தனிக்கதை.

20 லிட்டர் தண்ணீர் கேன்கள் நல்லவை. ஒரு கேன் 20 கிலோ, கணக்கு கையிலேயே இருக்கிறது. மூடியை இறுக்கி, கேன்களை ஒன்றோடொன்று கட்டி, போட்டோடும் கட்டுங்கள். ஆபத்து என்றால் அவிழ்த்து வெளியே தள்ளிவிடலாம். இதற்கென்றே செய்கிற தடித்த தண்ணீர்ப் பை கிடைத்தால் இன்னும் சௌகரியம்.

லாரி டியூப்பில் தண்ணீர் நிரப்பிப் போடலாமா? — நெய்யாற்றின்கரை

போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். லாரி டியூப் அல்ல, டிராக்டர் டியூப். வால்வுக்குள் இருக்கிற ஊசியைக் கழற்றி, ஹோஸைச் செருகி, அரைமணி நேரம் நின்றேன். பாதிக்குமேல் ஏறவில்லை, உள்ளே காற்று நிற்கிறது. சரி, பாதி போதும் என்று பூவார் பொழிக்கு (கழிமுகத்துக்கு) உள்ளே தள்ளி, அமைதியான தண்ணீரில் ஓட்டினேன். நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. அலைகூட அழகாக எழும்பியது. பலகையில் வந்த பையன் விழுந்தான். அவனை எடுக்க இடதுபக்கம் வளைத்தேன். டியூப் உருண்டு வலதுபக்க ஓரத்துக்குப் போனது. அதற்குள் இருந்த தண்ணீரும் அந்தப் பக்கமே சாய்ந்தது. போட்டின் விளிம்பு தண்ணீரைத் தொட்டு, ஒரு மடக்கு குடித்தது. அவ்வளவுதான், ஆனால் என் செருப்பு போட்டுக்குள்ளேயே மிதந்து என் முட்டிக்கு அருகில் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பாதி நிரம்பிய தண்ணீர் எப்போதும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடும். போட் சாய்ந்தால் அந்தச் சாய்வை அது கூட்டிவிடும், நிமிர்த்தாது. பையோ கேனோ எதுவானாலும் காற்றில்லாமல் முழுக்க நிரப்புங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காலியாக வையுங்கள். ஒரு பெரிய பையைவிட மூன்று சின்னப் பை மேல். டியூப்பைக் குளத்தில் நீந்தப் பழகும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

பாரத்தை அணியத்தில் (முன்பக்கம்) வைப்பதா, அமரத்தில் (பின்பக்கம்) வைப்பதா? — கொல்லம்

அமரத்தில் கூடுதலாக வைத்தால் அலை செங்குத்தாக, மேலே தூக்கி எறிவதுபோல் வரும். அணியத்திலும் கொஞ்சம் வைத்தால் அலை நீண்டு சரிவாக, ஏற்றப் பாதைபோல் வரும். பழகுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் இதம். மொத்த பாரத்தில் பத்தில் ஆறு பங்கு பின்னால், நாலு பங்கு முன்னால் என்று தொடங்கி, பிறகு கேன் கேனாக நகர்த்திப் பாருங்கள். இடம் வலம் மட்டும் சமமாக இருக்க வேண்டும். ஓட்டுபவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் ஒரு கேன் கூட.

அவுட்போர்டு போட்டில் மோட்டாரே அமரத்தில் தொங்குகிறது, ஆளும் அங்கேதான். ஆகவே எல்லாவற்றையும் பின்னால் குவிக்கிற ஆசையை அடக்க வேண்டும். 16 அடி போட்டில் 150 கிலோவைச் சமமாகப் பரப்பினால் போட் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் தாழும். அதையே கடைக்கோடியில் போட்டால் அமரம் மட்டும் அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது நாலு விரல் உயரத்துக்குத் தாழும். நீள ஷாப்ட் மோட்டார் மாட்டுகிற பலகையின் உயரமே 20 அங்குலம்தான். அதிலும் ஒரு பங்கு ஏற்கெனவே தண்ணீருக்குள்.

இதில் பலரும் மாட்டுவது நிறுத்தும்போதுதான். மோட்டாரின் கைப்பிடியைச் சட்டென்று விட்டால் போட் நின்றுவிடும், ஆனால் பின்னால் வந்துகொண்டிருந்த உங்கள் சொந்த அலை நிற்காது. அது துரத்தி வந்து மோட்டார் பலகையைத் தாண்டி உள்ளே இறங்கும். பாரம் ஏற்றிய நாளில் வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். அணியத்தில் பாரம் என்றால் நீங்களே போட்ட அலையைத் திரும்பி வந்து குறுக்கே கடக்கும்போது மூக்கு உள்ளே குத்தும். அங்கும் மெதுவாக.

கரையில் கட்டிப்போட்டிருக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். பாரமில்லாமல் எல்லாரும் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் தொடுகிற இடத்தில் மோட்டார் பலகையின் வெளிப்பக்கம் ஒரு கலர் டேப் ஒட்டுங்கள். பிறகு பாரம் ஏற்றி, டேப் எவ்வளவு முங்குகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு கேனை இறக்கியவர்கள்தான் அதிகம்.

பாரம் ஏற்றியதும் போட் எழும்பவே மாட்டேன் என்கிறது. மோட்டார் கெட்டுவிட்டதா? — அஞ்சுதெங்கு

இல்லை. புரொப்பல்லரைப் பாருங்கள், அதன் முதுகில் இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் பிட்ச், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்கிற கணக்கு. பெரிய பிட்ச் என்பது சைக்கிளின் பெரிய கியர் மாதிரி. வேகமிருக்கும், ஆனால் மேட்டில் மிதிக்க முடியாது. பாரம் என்பது மேடு.

40 குதிரைசக்தி நாலு ஸ்ட்ரோக் மோட்டார்கள் முழு முறுக்கில் பொதுவாக நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று ஓட வேண்டும். உங்கள் மோட்டாரின் எண் அதன் கையேட்டில் இருக்கும். பாரத்தோடு 4500-ஐத் தாண்டவில்லை என்றால் மோட்டார் மூச்சு முட்டுகிறது. அடித்தொண்டையில் ஒரு உறுமல் கேட்கும், கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் சூடும் கரியும் ஏறி என்னிடம்தான் வருவீர்கள். பிட்ச்சை ஒரு அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். 13 அங்குலம் போட்டிருந்தால் 11-க்கு மாற்றிப் பாருங்கள். அப்புறம், பாரமில்லாமல் ஓட்டுகிற நாளில் அதே புரொப்பல்லரில் முழு முறுக்கு முறுக்கக் கூடாது. சுற்று எல்லை தாண்டிவிடும். சுற்று காட்டுகிற டாக்கோமீட்டர் இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள். வேக்போர்டுக்கு ஆகிற மற்ற செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மாமா வைத்திருக்கிற 26 அடி மீன்பிடி வள்ளத்தில் 300 கிலோ ஏற்றினால்? — குளச்சல்

அலை வராது. ஒடுக்கமாக, நீளமாக, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகவே செய்த வள்ளம் அது. கேரளத்துப் படகுப் போட்டியில் ஓடுகிற சுண்டன் வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் உட்கார்ந்து துடுப்பு போடுகிறார்கள், பல டன் எடை. ஆனாலும் அமரக்காரர்களுக்குப் பின்னால் பெரிய அலை கிடையாது. எடை நீளத்தில் பரவிவிடுகிறது. அகலமான, குட்டையான, அடி ஓரளவு கூர்மையான போட்டுக்குத்தான் பாரம் வேலை செய்யும். மாமாவின் வள்ளத்தை மீனுக்கே விட்டுவிடுங்கள்.

கயிறு இல்லாமல் அலையிலேயே மிதந்து வருகிறார்களே, வேக்சர்ப்பிங், அதற்கு எங்கள் அவுட்போர்டு போதுமா? — வர்க்கலை

கூடவே கூடாது. அதில் ஆள் போட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் இருப்பார், உங்கள் புரொப்பல்லரும் அங்கேதான் சுற்றுகிறது. புரொப்பல்லர் போட்டின் அடிவயிற்றுக்குள் தள்ளி இருக்கிற இன்போர்டு போட்டுக்கான விளையாட்டு அது. இதில் பேரமில்லை.

அலை வேண்டும் என்று என்னையும் நாத்தனாரையும் பின்மூலையில் உட்காரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. — திருவனந்தபுரம்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஆட்களைப் பாரமாக வைப்பது தப்பில்லை, இருக்கையில் உட்கார்ந்தால். விளிம்பிலோ மோட்டார் பக்கத்துப் பலகையிலோ உட்காரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கிருந்து வழுக்கினால் நேரே புரொப்பல்லர். லைப் ஜாக்கெட்டைக் கொக்கி மாட்டி இறுக்கிப் போட்டிருக்க வேண்டும், மடியில் வைத்திருப்பது கணக்கில்லை.

ஆட்களிடம் இருக்கிற சிக்கல், அவர்கள் நகர்வார்கள். பலகையில் போனவர் குட்டிக்கரணம் அடித்ததும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து கைதட்டுவார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கம் ஆட்கள் நகர்ந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. உங்கள் போட் அதில் கால் பங்குகூட இருக்காது. தண்ணீர் கேன் கைதட்டாது. நாத்தனாரையும் உங்களையும் நடுவில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் கேன்களை வைக்கச் சொல்லுங்கள்.

பழவேற்காடு ஏரியில் ஓட்டலாமா? ஆழம் குறைவு என்கிறார்கள். — ஆரம்பாக்கம்

ஆந்திரப் பக்கமும் நம் பக்கமும் அது பறவைகள் சரணாலயம். பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான், அதில் பூநாரைகள் நடந்து மேய்கின்றன. அங்கே வேண்டாம் தம்பி.

நாங்கள் ஓட்டினால் சிப்பி வாருகிறவர்கள் சத்தம் போடுகிறார்கள். காயல் பொதுதானே? — அஷ்டமுடி

பொதுதான், அதனால்தான் சத்தம் போடுகிறார்கள். அங்கே ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று காலால் சிப்பியைத் தடவி எடுக்கிறார், பக்கத்தில் அவருடைய கொதும்பு வள்ளம் என்கிற சின்னத் தோணி பாதி நிறைந்து, விளிம்பு தண்ணீரைவிட ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. உங்கள் 150 கிலோ அலை போனால் அவருடைய காலை நேரத்து உழைப்பு முழுக்கத் தண்ணீருக்குள். அந்தச் சிப்பித் தொழில் 2014-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக, வளத்தை அழிக்காமல் பிடிக்கிறவர்களுக்குத் தருகிற எம்எஸ்சி என்கிற உலகச் சான்று பெற்றது. அவர்கள் ஏறிப்போன பிறகு, அகன்ற நடுக்காயலில், கரையிலிருந்து நன்றாக விலகி ஓட்டுங்கள். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகாதீர்கள், கரையின் கயிற்றுத் தடுப்பும் கல்கட்டும் அப்படித்தான் சரிகின்றன.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. பையில் ஏற்றிய தண்ணீரை ஏற்றிய காயலிலேயே இறக்கிவிடுங்கள். அஷ்டமுடித் தண்ணீரோடு சாஸ்தாங்கோட்டைக்குப் போகாதீர்கள், கொல்லம் குடிக்கிற நன்னீர் அது. ஆப்பிரிக்கன் பாயல், ஆகாயத்தாமரை போன்ற நீர்க்களைகள் ஒரு துண்டு ஒட்டிப்போனால் போதும். பையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள். உப்புத் தண்ணீர் பம்பில் நின்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது சுற்றாது, ஞாயிற்றுக்கிழமை என் கடையும் லீவு.