இரண்டு நாள் சான்றிதழோடு குடிப்பவர் வீட்டுக்குள் போகலாமா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்துக்கு (வேலைக்குப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விடும் இடம்) பொறுப்பாக இருக்கும் தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளையை விட வரும் அம்மாமார் கடைசியில் வந்து நிற்பது வீட்டுக்காரரின் குடியில்தானாம். ‘இவர்களுக்கு முறையாக உதவப் படிக்க வேண்டும் அக்கா. இரண்டு நாள் ஒன்லைன் வகுப்பு, முடித்தால் குடும்பத் தலையீட்டு நிபுணர் என்று சான்றிதழ் தருவதாக விளம்பரம் வந்தது, அனுப்பியிருக்கிறேன். சேரலாமா? ஏ.எல். இருக்கிறது, இங்கிலீஷ் அவ்வளவு வராது.’

சேர வேண்டாம். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த விளம்பரத்தில் இருப்பது, சொந்தபந்தம் எல்லாம் கூடி, குடிப்பவருக்குச் சொல்லாமலே அவரை நடுவில் உட்காரவைத்து, ‘இப்போதே சிகிச்சைக்குப் போ, இல்லையென்றால் இன்னின்னது நடக்கும்’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் முறை. அமெரிக்காவில் வெர்னன் ஜோன்சன் என்ற பாதிரியார் பிரபலமாக்கியது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் (தோட்டத்து ஓரறை வீட்டில்) இதைச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும், பக்கத்துக் காம்பராவில் தும்மினாலே இங்கே கேட்கும், விடிந்தால் கொழுந்து நிறுக்கும் இடம் வரைக்கும் கதை போய்விடும், மானம் போனதென்று நினைக்கிற மனுசன் அன்று ராத்திரி யார் மேல் கை வைப்பார் என்பதும் தெரிந்ததுதான்.

லயம் என்பதால் மட்டும் இல்லை. 1999இல் அமெரிக்காவில் குடிப்பவர்களின் வீட்டார் 130 பேரை மூன்றாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். இந்தத் திடீர்க் கூட்ட முறையைப் பழகிய குடும்பங்களில் 30 வீதமானோர்தான் தம் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள், காரணம் பெரும்பாலான குடும்பங்கள் அந்தக் கூட்டத்தை நடத்தவே துணியவில்லை. குடிப்பவர்களின் வீட்டாருக்கான சுயஉதவிக் குழுவின் வழியில் போனவர்களில் 13 வீதம் (அதன் நோக்கமே வேறு, அதைக் குறையாகச் சொல்லக் கூடாது). கிராஃப்ட் என்ற மூன்றாவது முறையில் 64 வீதம். அதில் குடிப்பவரை யாரும் மடக்குவதில்லை, மனைவிக்கோ அம்மாவுக்கோதான் பயிற்சி.

என்ன பயிற்சி? வீட்டுக்காரர் எந்த நாளில், யாரோடு, எதற்குப் பிறகு குடிக்கிறார் என்று உங்களிடம் வந்த அக்காவோடு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பீர்கள். சம்பள நாளா, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட நாளா, மாமியாரோடு சண்டை வந்த நாளா? அப்புறம் குடிக்காமல் வந்த சாயந்தரத்தில் என்ன பேசுவது என்று ஒத்திகை. நீங்கள் கணவராக உட்காருவீர்கள், அந்த அக்கா எடுத்த எடுப்பில் ‘இன்னைக்காவது மனுசனா வந்தீங்களே’ என்பார். பாராட்டு மாதிரித்தான் இருக்கும், ஆனால் குத்தல். அதையே ‘நீங்க இப்படி வந்தா எனக்கு நிம்மதியா இருக்கு, சின்னவளும் கொப்பியத் தூக்கிட்டு உங்ககிட்ட ஓடி வர்றா’ என்று சொல்லிப் பழக எத்தனையோ தடவை பிடிக்கும். குடித்து வந்த ராத்திரியில் வாதமே இல்லை. மறுநாள் ‘காய்ச்சல்’ என்று கங்காணியிடம் பொய் சொல்லிப் பேர் காப்பாற்றுவதும் இல்லை, ஆனால் மழையில் கானுக்குள் விழுந்து கிடந்தால் தூக்கிவந்து ஒருபக்கமாகப் படுக்கவைக்கத்தான் வேண்டும், நம் மலைக்குளிருக்கு அதைப் ‘பாடம் கற்கட்டும்’ என்று விட முடியாது. எதைத் தாங்குவது, எதை விடுவது என்ற இந்த வித்தியாசத்தைத்தான் நல்ல பயிற்றுநர் சொல்லித் தருவார், இரண்டு நாளில் அது கைக்கு வராது. அடிக்கிற வீடு என்றால் பேச்சு ஒத்திகைக்கு முன்னால் அவரும் பிள்ளைகளும் எங்கே ஓடுவது என்பதைப் பேச வேண்டும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

ஒரு வகுப்பில் சேருமுன் நான் முதலில் கேட்பது, திடீரென்று குடியை நிறுத்தினால் வரும் ஆபத்தைச் சொல்லித் தருகிறார்களா என்று. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று விட்டால் சில மணித்தியாலங்களில் கை நடுங்கும், வியர்க்கும், இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத பூச்சி புழு கண்ணில் தெரியும். வீட்டில் காத்துக்கருப்பு என்று பூசாரியைத் தேடிப் போவார்கள். உயிர் போகும் நிலை அது. உடனே 1990 அம்புலன்ஸ். ‘இன்றோடு விடு’ என்று கோயிலில் சத்தியம் வாங்கச் சொல்லித் தரும் வகுப்பு எதுவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, எங்கே படிப்பது? அடித்தளம் உளவளத்துணை (கவுன்சலிங்) தான். சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணையிலும் சமூகப் பணியிலும் டிப்ளோமா நடத்துகிறது, அடுத்த அனுமதி எப்போது, தமிழ் மொழிமூலம் உண்டா என்று நேரே கேட்டு எழுதுங்கள். போதைப் பழக்கத்துக்கென்றே படிப்பதானால் கொழும்புத் திட்ட அமைப்பு பரப்பிய உலகளாவிய சிகிச்சைப் பாடத்திட்டம் இருக்கிறது. உளவளத்துணைத் திறன், நெருக்கடியைக் கையாளல், தொழில் ஒழுக்கம் என்று தனித்தனிப் பாடங்கள், ஆனால் இங்கிலீஷ் கொஞ்சம் வேண்டும், அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குக் கண்டியில் சிகிச்சை நிலையம் உண்டு, 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து வெளியாட்களுக்கான பயிற்சி பற்றி விசாரிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் வகுப்பு முடிந்த பிறகு உங்கள் குடும்பங்களைப் பற்றி மாதாமாதம் கலந்து பேச ஒரு மூத்தவர் கிடைப்பாரா என்று கேளுங்கள். ‘வட்ஸ்அப் குரூப் இருக்கு’ என்பது பதில் இல்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐந்து படி முறை என்று இங்கிலாந்தில் உருவான ஒன்று உண்டு: கேட்பது, தேவையான விவரம் சொல்வது, அவர் இதுவரை சமாளித்த விதத்தைப் பேசுவது, யார் துணை இருக்கிறார்கள் என்று தேடுவது, மேலே என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பது. கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அந்த அக்காவுக்கு இது உதவி. இதையும் பழகித்தான் செய்ய வேண்டும், ஆனால் முதல் படியை நாளைக்கே தொடங்கலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் யார், கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து வையுங்கள், தோட்டத்து மருத்துவமாதுவோடு பழகிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், மடுவத்து ரெஜிஸ்டரில் இந்தக் கதை எதையும் எழுதாதீர்கள், அது ஒஃபிஸுக்குப் போகிற புத்தகம்.