சிசேரியன் தழும்பு இரண்டு வருடம் கழித்தும் வலிக்கிறதே, என்ன செய்யலாம்?

"தையல் போட்ட இடம் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே உங்கள் வாயை அடைத்திருப்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது.

பதினாறு மணி நேரம் வலி எடுத்து, குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததால் எனக்கு ஆபரேஷன் செய்தார்கள். ("வேலை செஞ்சிருந்தா சுகப்பிரசவம் ஆகியிருக்கும்" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள்.) முதல் சில மாதம் தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருந்தது, துணி பட்டால் சுருக்கென்றது. தோலோடு சின்னச் சின்ன நரம்புகளும் அறுபடுவதால் அது பலருக்கும் வருவதுதான். காயம் நன்றாக ஆறிய பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தேன். இறுக்கம் விட்டது.

ஒன்றரை வருடம் கழித்து வந்தது வேறு வலி. தழும்பின் இடது ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. சில நாள் தொடவே முடியாது, சில நாள் இருக்கிற இடமே தெரியாது. முதுகில் ஊசி போட்டதால்தான் என்றார் அக்கா. ஒரு டாக்டர் கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எல்லா டாக்டரையும் குறை சொல்லவில்லை, என் மகளைக் காப்பாற்றியதும் ஒரு டாக்டர்தான்.

அப்புறம் பால் கணக்கு எழுதும் காலண்டரில், வலிக்கிற நாளில் எல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மூன்று மாதத்திலும் புள்ளிகள் மாதவிலக்குத் தேதியை ஒட்டியே விழுந்திருந்தன. அந்த மூன்று தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் 2 செ.மீ. கட்டி. ஆபரேஷன் சமயத்தில் கர்ப்பப்பையின் உள்சவ்வு கொஞ்சம் காயத்தில் ஒட்டி அங்கேயே வளர்ந்திருக்கிறது, மாதாமாதம் அதுவும் வீங்குகிறது என்றார். எண்டோமெட்ரியோசிஸ். சுற்றியிருந்த சதையோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள், பயாப்சியிலும் அதுதான் என்று வந்தது. அந்த வலி அதோடு போனது.

உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. தழும்பு புடைத்து, காயத்தின் எல்லையைத் தாண்டிப் படர்ந்து அரித்தால் அது கெலாய்டாக இருக்கலாம், அதற்குத் தழும்பிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நரம்பு சிக்கியிருந்தால் ஒரே இடத்தில் மின்சாரம் மாதிரி இழுக்கும். ஆனால் வலி மாதவிலக்கோடு சேர்ந்து வந்தால் மாத்திரைச் சீட்டோடு திரும்பி வராதீர்கள், ஸ்கேன் கேளுங்கள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. எங்கள் கவுன்ட்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் எப்போதும் சேலை பண்டல்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது தையல் பிரித்த மூன்றாம் வாரம் நான் அதன் பக்கத்தில் பத்து மணி நேரம் நின்றேன்.