பக்கத்துக் கடையிலும் அதே துணி: இனி என்ன செய்வது?

கேள்வி: கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் மொத்தத் துணிக்கடை வைத்திருக்கிறேன். சூரத்திலிருந்து பிளேன் பொலியெஸ்டர் ரகம் ஒன்றை நான்தான் முதலில் இறக்கினேன். இப்போது நாலு கடையில் அதே துணி. என் முன்னிலை எவ்வளவு காலம் தாங்கும்?

பதில்: அந்த ரகத்தில் அது முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆலையோடு எழுத்தில் தனி முகவர் ஒப்பந்தம் இல்லையென்றால், அடுத்தவர் ஒரு வெட்டுத் துண்டைக் காட்டி ஓடர் கொடுத்துச் சரக்கை இறக்கும் வரைதான் உங்களுக்கு அவகாசம். துணியில் அது மாதக்கணக்கு.

விற்பனைத் தொகையைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். விற்பனை கடைசியில்தான் விழும். முதலில் தேய்வது இலாபம். பில்களிலிருந்து இந்த ஒரு ரகத்தை மட்டும் பிரித்து மாதாமாதம் கணக்குப் போடுங்கள். கப்பல் கூலி, தீர்வை, லொறிக் கூலி எல்லாம் சேர்த்து மீற்றர் அடக்கம் 1,000 ரூபாய் என்று வைப்போம். 1,250 க்கு விற்றபோது விலையில் 20 சதவீதம் நின்றது. 1,150 க்கு இறங்கியதும் 13. வெளியூர்க் கடைக்காரர் கைநழுவக் கூடாதென்று 30 நாள் கடனை 90 ஆக நீட்டியிருந்தால், ஆண்டு வட்டி 18 சதவீதக் கணக்கில் இன்னுமொரு 3 போகிறது. மிச்சம் 10. பலரும் ஏமாறுவது இந்தக் கடனில்தான்: விலையைக் குறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே குறைத்திருப்பார்கள். கடை முழுவதற்கும் சராசரி போட்டால் இது கண்ணில் படாது.

அரசுகள் தரும் சலுகையால் வரும் முன்னிலைக்கு ஆயுள் நம் கையில் இல்லை. நம் ஆடை ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தந்த ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை 2010 இல் போய் 2017 இல்தான் திரும்பியது. வியாபாரக் குறியைப் பதிந்தால் 10 ஆண்டு, அதன்பின் புதுப்பிக்கலாம். ஆனால் அது உங்கள் பெயரைக் காக்கும், துணியை அல்ல.

இந்த ரகத்துக்குப் புது ஓடர் வேண்டாம். இருப்பை இன்றைய விலைக்கே தள்ளிவிட்டு, அந்தக் காசில் அடுத்த ரகத்தைச் சிறிதாக இறக்குங்கள்.

நீடித்து நிற்பது வேறொன்று. ஆறு மாதம் கழித்து ஒரு தையற்கடைக்காரர் சீருடைக்கு இன்னும் 12 மீற்றர் கேட்டு வந்தால், அதே நிறத்தில் எடுத்துக் கொடுக்க முடியுமா? சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணி, மாறினால் நீலமும் மாறும். தைத்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு கட்டும் வந்தவுடன் தொகுதி எண்ணை அட்டையில் எழுதி, இரண்டு அங்குலத் துண்டை அதில் ஊசியால் குத்தி வையுங்கள். யாருக்கு எந்தத் தொகுதி போனது என்பதை பில்லிலும் குறியுங்கள். ஒப்பிடும்போது டியூப் லைட்டை நம்பாமல், துண்டை வாசலுக்குக் கொண்டுபோய் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.