எல்லைப்புறச் செப்புக் காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள செப்புக் காசில் ஒருவர் வாள்பிடியில் கை வைத்து நிற்கிறார். பின்பக்கம் படிகளின் மேல் ஒரு கம்பம். இஸ்லாமியக் காசில் உருவம் உண்டா சார்?

பதில்: உண்டு. உமையா வம்சத்து கலீஃபா (இஸ்லாமியப் பேரரசின் ஆட்சியாளர்) அப்துல் மலிக் காலத்தில், 690களில், பைசாந்திய (கிழக்கு ரோமப்) பேரரசின் எல்லையை ஒட்டிய வட சிரியாவில் இவற்றை நிறைய அடித்தார்கள். ஹலப், கின்னஸ்ரீன், மன்பிஜ், கூரூஸ் எல்லாம் அந்த வட்டாரத்து அக்கசாலைகள் (காசு அடிக்கும் இடங்கள்). கம்பம் என்பது பைசாந்தியக் காசின் சிலுவைதான். குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இந்த வகைக் காசில் ஆண்டைத் தேடாதீர்கள், அநேகமாக இருக்காது. கம்பத்தின் பக்கவாட்டில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள்.

கேள்வி: ஒரு ஃபல்ஸ் (செப்புக் காசு) 2 கிராம், இன்னொன்று 4 கிராம். போலியா?

பதில்: எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தங்கத் தீனார் 4.25 கிராம், வெள்ளித் திர்ஹம் சுமார் 2.9 கிராம் என்று கட்டுப்பாடு இருந்தது. செப்புக் காசு உள்ளூர் ஆளுநர்கள் பொறுப்பு. எடை ஊருக்கு ஊர் மாறும். விளிம்பில் வார்ப்புக் கோடு, பரப்பில் குமிழிக் குழிகள், இரண்டு காசுகளில் அதே இடத்தில் அதே கீறல்: இவை இருந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பு வெடிப்பு பயப்பட வேண்டியதல்ல; அச்சில் அடிக்கும்போது வருவது.

கேள்வி: இன்னொரு காசில் ஆண்டு ஹிஜ்ரி 117 என்றார் விற்றவர். நண்பர் 119 என்கிறார்.

பதில்: கூஃபி எழுத்தில் (பழைய அரபு எழுத்து வகை) புள்ளி இல்லாததால் ‘ஸப்உ’ (7), ‘திஸ்உ’ (9) இரண்டுமே நான்கு பற்களாகத்தான் (மேல்நோக்கிய சிறு கோடுகள்) தெரியும். சில அச்சுகளில் ஒரு பல் உயர்ந்திருக்கும்: முதல் பல் உயர்ந்தால் 9, நான்காவது உயர்ந்தால் 7. ஆளுநர் பெயர் இருந்தால் அவர் பதவிக்காலமே தீர்த்துவைக்கும். 117 என்பது கி.பி. 735, 119 என்பது 737.

கேள்வி: பச்சைப் பொடி உதிர்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பல காசுகளில் எழுத்து நிற்பதே களிம்புப் படலத்தில்தான். புளியோ எலுமிச்சையோ அதைக் கரைத்தால் ஊர்ப்பெயர் போய்விடும், அதன்பின் அது வெறும் செப்புத் தகடு. வெளிர்பச்சையாக உதிர்வது குளோரைடு அரிப்பு. பொடியை மூங்கில் குச்சியால் எடுத்து, 100 மி.லி. எத்தனாலில் 3 கிராம் பென்சோட்ரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்) கரைத்து, காசை அதில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். கையுறை கட்டாயம், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். எத்தனாலில் அலசி உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் 40 சதவீதத்துக்குக் குறைந்த ஈரப்பதத்தில் வையுங்கள். மீண்டும் பூத்தால் குளோரைடு உள்ளே மிச்சம் இருக்கிறது. திரும்பச் செய்ய வேண்டும்.

கேள்வி: பிவிசி ஆல்பத்தில் வைக்கலாமா?

பதில்: கூடாது. நாள்பட அமிலம் கசிந்து செம்பை அரிக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.