கேமரா மாற்றப் போகிறவர்களுக்கு

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கேமராதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55, பிறகு வாங்கிய 55-250 லென்ஸ்கள் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் எடுக்கும் படங்கள் புள்ளி புள்ளியாக வருகின்றன. ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆருக்கு மாறிவிடலாமா? (தஞ்சாவூர்)

பதில்: மாறினால் லென்ஸ்கள் இரண்டும் அலமாரிக்குப் போய்விடும். அவை இஎஃப்-எஸ் வகை, உங்களுடையதைப் போன்ற சிறிய சென்சார் கேமராவுக்கென்றே செய்தவை. 6டி, 5டி போன்ற ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் பாடிகளில் பொருந்தவே பொருந்தாது. உங்கள் தொல்லை வெளிச்சக் குறைவு. 55 மி.மீ.க்கு இழுத்தால் உங்கள் லென்ஸ் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எண் குறைந்தால் திறப்பு பெரிது). எஃப் 1.8 திறக்கும் 50 மி.மீ. லென்ஸை மாட்டினால், இதே பாடிக்குள் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும். அதில் ஜூம் இல்லை, குழுப் படம் எடுக்க நீங்கள்தான் பின்னால் நகர வேண்டியிருக்கும், வீடியோக்காரர் முறைப்பார், அவ்வளவுதான்.

அப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கேனானும் நிகானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தொழிலுக்கு வாங்குகிறவர் மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போவதே நல்லது. கேனானின் மிரர்லெஸ்ஸான ஆர் வரிசையில் அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் போட்டால் உங்கள் பழைய லென்ஸ்களும் வேலை செய்யும். ஆனால் அதன் ஃபுல் ஃபிரேம் பாடிகளில் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும்.

கேள்வி: 24 மெகாபிக்சல் போதுமா, 45 வேண்டுமா? (கரூர்)

பதில்: 24 மெகாபிக்சலில் 20 அங்குல அகலத்துக்குக் கூர்மையாக அச்சிடலாம். கடைசியாக எப்போது ஒரு படத்தை அச்சிட்டீர்கள்?

கேள்வி: நிகான் டி5600க்கு இணையத்தில் மலிவாகக் கிடைத்த 50 மி.மீ. 1.8டி லென்ஸ் வாங்கினேன். ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை. விற்றவர் மீது வழக்குப் போடலாமா? (திருப்பூர்)

பதில்: எதற்கு? லென்ஸில் கோளாறே இல்லை. அந்த வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்க வேண்டும். உங்கள் பாடியில் இல்லை. மோட்டார் உள்ளேயே இருக்கும், ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதை வாங்கியிருக்க வேண்டும். விவரக்குறிப்பைப் படிக்காமல் விலையை மட்டும் படிக்கிறவர்கள் எனக்கு எழுதும்போது மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மகனுக்காகச் சென்னைக் கடையொன்றில் நிகான் டி7500 வாங்கினேன். பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி, ‘எஸ்டிமேட்’ சீட்டு தந்தார்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனியாக 3,800 ரூபாய். மகன் கம்ப்யூட்டரில் பார்த்தபோது ஷட்டர் கணக்கு (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) 11,000ஐத் தாண்டியிருக்கிறது. கடையில் கேட்டால் ‘எங்களிடம் வாங்கியதற்கு என்ன ஆதாரம்’ என்கிறார்கள். (வேலூர்)

பதில்: அம்மா, பேட்டரியும் சார்ஜரும் கேமராவோடு பெட்டியிலேயே வரும். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உங்களிடமே விற்றிருக்கிறார்கள். புதிய கேமராவில் ஷட்டர் கணக்கு சொற்பமாகத்தான் இருக்கும். 11,000 என்றால் அது யாரோ ஏற்கெனவே பயன்படுத்திய கேமரா.

பணத்தை ஜிபேயில் அனுப்பினீர்களா? அந்தப் பதிவும் கடைக்காரர் கையெழுத்தில் இருக்கும் எஸ்டிமேட் சீட்டும் ஆதாரம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழைய பொருளைப் புதியது என்று விற்பதும் நியாயமற்ற வணிகம், பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். கடைக்கு ஒப்புகைத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு.

இந்த ‘எஸ்டிமேட்’ காகிதத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடையின் பெயர் இருக்காது, ஜிஎஸ்டி எண் இருக்காது, கேமராவின் சீரியல் எண் இருக்காது. தொகை மட்டும் தெளிவாக இருக்கும். வரி மிச்சம் என்று வாடிக்கையாளர் மகிழ்கிறார். உத்தரவாதமும் அங்கேயே போய்விடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. கேமராவின் அடிப்பக்கத்து எண், பெட்டியின் எண், பில்லின் எண் மூன்றும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பாருங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத பெட்டி வேறு வழியாக வந்தது. சர்வீஸ் சென்டரில் கைவிரிப்பார்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி நூல் போலப் படர்ந்திருக்கிறது. புதியது வாங்கிவிடவா? (நாகப்பட்டினம்)

பதில்: அது பூஞ்சை. ஆரம்ப நிலை என்றால் சுத்தம் செய்து கொடுப்பார்கள். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கத்தை விடாவிட்டால் புதியதுக்கும் இதே கதிதான். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள்.

கேள்வி: கேமராவோடு டிரைபாட், பை, ஃபில்டர் எல்லாம் இலவசம் என்கிறார்கள். எடுக்கலாமா? (ஓசூர்)

பதில்: அந்த டிரைபாட் என் வீட்டுப் பரணில் இருக்கிறது, ஒரு கால் இல்லாமல். வேண்டுமானால் அதையும் இலவசமாகத் தருகிறேன்.